வலப்பக்கக் கதவு

விபத்து நேர்ந்ததா? இல்லை.
தீப்பிடித்ததா? இல்லை.
காயமடைந்தோர் எண்ணிக்கை: பூஜ்யம்.
மூன்று கட்டங்களைத் தாண்டியதும்
இங்க்ரிட் டொலெஃப்ஸனின் கை நின்றுவிட்டது.
நடந்ததை விவரிக்கவும் என்கிறது படிவம்.
நடக்காததைத்தான் சொல்ல வேண்டும் அவள்.

டுலூத் நகரம், பிப்ரவரி, காலை ஏழே கால்.
ஏரிக்காற்று கத்தி தீட்டிக்கொண்டு வரும் நேரம்.
வேனுக்குள் மூன்று பிள்ளைகள்,
ஒரு ஹாக்கிப் பை,
பாதி தின்ற வாஃபிள்,
என்றோ கொட்டிய பாலின் வாடை.
அறுபது மைல் வேகத்தில்
யாரும் தொடாமல்
கதவு திறந்துகொண்டது.

மெதுவாக.
அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.
விருந்தாளியை உள்ளே அழைப்பதுபோல்
மரியாதையாக,
மணியடித்து,
உள்விளக்கையும் ஏற்றிவைத்து.

சாலை உள்ளே வந்தது.
பனித்தூள் வந்தது.
பக்கத்து லாரியின் சக்கரம்
மடியில் உட்காரும் தூரத்தில் சுழன்றது.
கடைக்குட்டி ஆஸ்மண்ட் கைதட்டினான்.
ஐந்து வயது சோல்வெய்
தன் கையுறையைக் கழற்றி
வெளியே நீட்டிக் காட்டினாள்.
வெளியே இருந்தது வாங்கிக்கொண்டது.

பெல்ட் பிடித்துக்கொண்டது என்று எழுதினாள்.
அழித்தாள்.
வண்டியைப் புகழ்வதுபோல் இருந்தது.

மெக்கானிக் வெர்ன் நல்லவர்தான்.
நாற்பது முறை திறந்தார், நாற்பது முறை மூடினார்.
அவர் முன்னால் அந்தக் கதவு
பூனைபோல் சாது.
வீட்டில் கூரையைப் பிய்க்கும் பிள்ளை
வாத்தியார் முன் கைகட்டி நிற்குமே, அப்படி.
ரசீதில் எழுதிக் கொடுத்தார்:
குறை தென்படவில்லை. நூற்று நாற்பது டாலர்.

ஃப்யூஸைப் பிடுங்கினால் தீர்ந்தது என்றான் கர்ட்.
பிடுங்கினான்.
பின்கண்ணாடி வைப்பர் செத்தது.
ஹீட்டரும் கூடவே போயிற்று.
கதவுக்கு மட்டும் உயிர் இருந்தது.

கடைசியில் அவளே கட்டினாள்,
போன வருடம் செத்துப்போன நாயின் வாரால்,
கைப்பிடியையும் இருக்கைக் காலையும் சேர்த்து.
இனி எல்லோரும் இடப்பக்கம்தான் இறங்க வேண்டும்.
இடப்பக்கம் என்றால்
கார்கள் சீறிப் போகும் பக்கம்.
ஒரு பயத்தைக் கட்டிப்போட்டு
இன்னொன்றின் கையில் பிள்ளைகளைக் கொடுப்பது.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பள்ளி வாசல் வரிசையில்
அதே வேன், அதே வருடம், நிறம் மட்டும் வேறு.
உள்ளிருந்தவள் மார்செல் போல்யூ,
நாய் வாரைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
தன் கண்ணாடியை இறக்கி
உள்ளே கைகாட்டினாள்:
மஞ்சள் நைலான் கயிறு, மூன்று முடிச்சு.
எவ்வளவு நாளாக? என்றாள் இங்க்ரிட்.
அக்டோபரிலிருந்து.
கர்ப்பிணிகள் பேசிக்கொள்வதுபோல்
தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு கம்பெனியிலிருந்து கடிதம்.
உங்கள் குடும்பத்தின் நலனே எங்கள் அக்கறை.
மாற்று உதிரிபாகம் இன்னும் தயாராகவில்லை.
அதுவரை
கவனத்துடன் பயன்படுத்தவும்.

கவனம்.
மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
பால் வாங்கப் போகிறவளிடம்
பார்த்துப் போ என்கிறார்கள்.

இரவு பதினொன்றரை.
இழந்த பொருள் என்ற இடத்தில்
முதலில் ஒரு கோடு இழுத்தாள்.
பிறகு எழுதினாள்:
கையுறை, சிவப்பு, இடது.
கீழே ஒரு வரி மிச்சம் இருந்தது.
நான் நல்ல ஓட்டுநர் என்று தொடங்கி
அதையும் அழித்துவிட்டு
அனுப்பினாள்.

ஏப்ரலில் பனி இறங்கியபோது
நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பியில்
யாரோ அதை எடுத்து மாட்டியிருந்தார்கள்.
ஐந்து விரலும் விரிந்து
உப்பேறி வெளிறி
போகிற வண்டிகளையெல்லாம்
நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா, என்னுது, என்றாள் சோல்வெய்.

இங்க்ரிட் நிறுத்தவில்லை.
கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
அடுத்த பாலம் வருவதற்குள்
மறுபடியும் எண்ணினாள்.